பொலின் வியார்தோவும் அவர் குரலுக்காக எழுதப்பட்ட வேடங்களும்

துர்கேனிவைப் படித்தவர்களுக்குப் பொலின் வியார்தோ என்ற பெயர் ஏதாவது ஒரு முன்னுரையில் தட்டுப்பட்டிருக்கும். நாற்பது வருஷம் அந்த ரஷ்ய எழுத்தாளர் ஒரு கல்யாணமான பாடகியின் பின்னாலேயே ஊர் ஊராகப் போனார் என்று ஒரு வரி வரும், அதோடு சரி. அந்தப் பாடகி என்ன பாடினார், எப்படிப் பாடினார், அவருக்காக யார் யார் இசையமைத்தார்கள் என்பதில் முன்னுரை எழுதுகிறவர்களுக்கு அக்கறை இருப்பதில்லை. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓபராவை எடுத்துக்கொண்டால், வியார்தோவின் கதையில் ஓரமாக வந்துபோகிற ஆள்தான் துர்கேனிவ்.

1821 ஜூலையில் பாரிஸில் பிறந்தவர், 1910 மே மாதம் அதே ஊரில் இறந்தார். ஏறத்தாழ 89 வருஷ வாழ்க்கையில் ஓபரா மேடையில் முழுமூச்சாக இருந்தது 1839 முதல் 1863 வரைதான், அதிலும் பெரும்பகுதி வெளிநாடுகளில், ஏனென்றால் பாரிஸின் பெரிய அரங்குகள் பல வருஷம் அவரை உள்ளே விடவில்லை. அப்படியிருந்தும் இன்று ஒரு மெஸ்ஸோ சொப்ரானோ பாட ஆசைப்படுகிற பெரிய வேடங்களின் பின்னணியைத் தோண்டினால் திரும்பத் திரும்ப இவர் பெயர்தான் வருகிறது.

ஓபரா பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பெண் குரல்களில் மேலே சஞ்சரிப்பது சொப்ரானோ, அடியில் கனமாக நிற்பது கான்ட்ரால்டோ, இரண்டுக்கும் நடுவில் இருப்பது மெஸ்ஸோ. காதலிக்கப்பட்டு, கடைசிக் காட்சியில் உருகிச் சாகிற நாயகி வேடம் வழக்கமாகச் சொப்ரானோவுக்குப் போகும். மெஸ்ஸோவுக்குத் தோழி, போட்டிக்காரி, சூனியக்காரி, அம்மா, அப்புறம் ஆண் வேடம். வியார்தோ மேடைக்கு வந்த காலத்தில் இந்தப் பிரிவினை இவ்வளவு இறுகிப்போயிருக்கவில்லை. நல்ல குரல் இருந்தால் சுருதியை இறக்கியோ ஏற்றியோ எதையும் பாடலாம் என்பதுதான் நடைமுறை. அவர் எழுந்ததும் விழுந்ததும் இந்த நடைமுறையால்தான்.

குடும்பம் சாதாரணக் குடும்பமல்ல. அப்பா மானுவேல் கார்சியா ஸ்பெயின்காரர், புகழ்பெற்ற டெனர், அதாவது ஆண் குரல்களில் மேலே சஞ்சரிக்கிறவர். 1816-இல் ரோமில் ரொசீனியின் ‘செவில் நகரத்து நாவிதன்’ முதன்முதலாக அரங்கேறியபோது அல்மவிவா வேடம் கட்டியவர் அவர்தான். அம்மா ஹொவாக்கீனா பாடகி, அக்கா மரியா பாடகி, அண்ணனும் அப்பாவின் பெயரையே கொண்டவர், அவரும் பாடினார். 1825-இல் இந்தக் குடும்பம் நாலு வயதுப் பொலினையும் தூக்கிக்கொண்டு கப்பலேறி நியூயார்க் போய் அங்கே இத்தாலிய ஓபராவை அறிமுகப்படுத்தியது. மொத்சார்ட்டின் ‘டான் ஜொவான்னி’யைப் போட்டபோது பாதி வேடங்கள் வீட்டு ஆட்களுக்கே போயின, அந்த ஓபராவுக்கு வசனம் எழுதிய லொரென்சோ தா பொன்தே அப்போது நியூயார்க்கில்தான் குடியிருந்தார், அவரும் வந்து உதவினார். அங்கிருந்து மெக்சிகோ. திரும்புகிற வழியில் வேராக்ரூஸ் போகும் சாலையில் கொள்ளைக்காரர்கள் மறித்து, சம்பாதித்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். (அண்ணனைப் பற்றியும் ஒரு வார்த்தை: பாட்டு சரிப்படாமல் ஆசிரியரானவர், பின்னாளில் பல் வைத்தியரின் சின்னக் கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்து, பாடும்போது தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்து, 1855-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். தொண்டை மருத்துவத்தில் அது ஒரு பெரிய திறப்பு. 101 வயது வரை இருந்தார்.)

பொலினுக்குப் பாடகியாகும் எண்ணமே இல்லை. பியானோதான் பிடிக்கும், அப்பா மற்றவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது கூட உட்கார்ந்து வாசித்து வாசித்தே கை பழகியது, பிறகு பியானோ மேதை லிஸ்ட்டிடம் பியானோவும் ஆன்டன் ரைஹாவிடம் இசையமைப்பும் கற்றார். அப்பா 1832-இல் போய்ச் சேர்ந்தார். அக்கா மரியா மலிப்ரான் அதற்குள் ஐரோப்பாவின் உச்ச நட்சத்திரம். 1836-இல் குதிரையிலிருந்து விழுந்து அடிபட்ட பிறகும் பாடிக்கொண்டே இருந்து, மான்செஸ்டரில் 28 வயதில் இறந்தார். வீட்டில் ஒரு குரல் காலியானதும் அம்மா சின்ன மகளிடம், பியானோவை மூடு, இனி நீ பாடப்போகிறாய் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் மறுக்கவில்லை. கேட்டுப் பார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் இருந்ததாகவும் தெரியவில்லை.

1837-இல் பிரஸ்ஸல்ஸில் முதல் கச்சேரி, 1839 மே மாதம் லண்டனில் ரொசீனியின் ‘ஒத்தெல்லோ’வில் டெஸ்டெமோனாவாக முதல் ஓபரா. வயது 17. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போன அக்காவைத்தான் தேடி வந்தார்கள். கிடைத்தது வேறு குரல். சுமார் மூன்று ஸ்தாயி வீச்சு, கீழே கான்ட்ரால்டோவின் கனம், மேலே சொப்ரானோவின் எட்டல், நடுவில் கொஞ்சம் கரகரப்பு. இந்தச் சாரீரம் பட்டும் இல்லை பளிங்கும் இல்லை, கசப்பு ஆரஞ்சின் சுவை மாதிரி இருக்கும் என்று ஒருவர் சொன்னதை இசையமைப்பாளர் சேன்-சான்ஸ் குறித்துவைத்திருக்கிறார், துயர நாடகங்களுக்கும் காவியங்களுக்கும் செய்த குரல் என்று தன் பங்குக்கும் சேர்க்கிறார். அழகான குரல் என்று யாரும் சொல்லவில்லை, கவனியுங்கள். முகத்தையும் விடவில்லை, கவிஞர் ஹைனே உட்பட அந்தக் காலத்து ஆண் விமர்சகர்கள் இவர் அழகியில்லை என்பதைப் பதிவு செய்யாமல் பாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுத முடியாதவர்களாக இருந்திருக்கிறார்கள்.

1840-இல் கல்யாணம். மாப்பிள்ளை லூயி வியார்தோ, பொலினைவிட 21 வயது மூத்தவர், பாரிஸில் இத்தாலிய ஓபரா நடத்திய அரங்கின் இயக்குநர். எழுத்தாளர் ஜோர்ஜ் சாண்ட் பின்னாலிருந்து முடித்துவைத்த சம்பந்தம் இது. கவிஞர் முஸ்ஸே ஆசையோடு சுற்றிக்கொண்டிருந்தார், அவரை நன்றாகவே தெரிந்த சாண்ட் வேண்டாமென்று தடுத்துவிட்டார். தடுத்தது நல்லதற்குத்தான்: லூயி மனைவியின் தொழிலுக்காகத் தன் இயக்குநர் வேலையை விட்டார், ஊர் ஊராகக் கூடவே போனார், ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொண்டார். பரபரப்பான காதல் என்று சொல்ல முடியாது, ஆனால் 1840-களில் ஒரு பாடகிக்கு இதைவிடப் பயனுள்ள கணவர் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. சாண்ட் தன் ‘கொன்சுவேலோ’ நாவலின் நாயகியைப் பொலினை மாதிரியாக வைத்தே எழுதினார். இசையமைப்பாளர் ஷோபான் அவர்கள் வட்டத்தில் நெருக்கம். அவருடைய மசுர்காக்களுக்கு, அதாவது போலந்து நடன மெட்டில் அமைந்த பியானோ இசைக்கு, பொலின் வரிகள் சேர்த்துப் பாடலாக்கினார். 1849 அக்டோபரில் ஷோபானின் இறுதிச் சடங்கில் மொத்சார்ட்டின் ‘ரெக்வியம்’ பாடியவர்களில் இவரும் ஒருவர்.

பாரிஸ் ஏன் கதவைச் சாத்தியது? ஒன்று, இத்தாலிய அரங்கில் ஜூலியா கிரிஸியின் ராஜ்ஜியம், புதியவளுக்கு இடம்விட அவர் தயாரில்லை. இரண்டு, பாரிஸ் ஓபராவின் இயக்குநர் பில்லே தன் காதலியான ரோசின் ஸ்டோல்ஸைத் தவிர வேறு மெஸ்ஸோவைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை. மூன்று, லூயியின் அரசியல். அவர் தீவிரக் குடியரசுவாதி, சாண்டோடு சேர்ந்து பத்திரிகை தொடங்கியவர், அரசு மானியத்தில் ஓடும் அரங்குகளுக்கு இது உறுத்தும். ஆகவே 1843-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அங்கே ரோசினா வேடத்தில் ‘நாவிதன்’ ஓபராவின் பாட்டு வகுப்புக் காட்சியில், ரஷ்ய இசையமைப்பாளர் அல்யாப்யேவின் ‘குயில்’ பாடலை ரஷ்ய மொழியிலேயே பாடினார், அரங்கம் கிறுகிறுத்துப்போனது. 25 வயது துர்கேனிவ் சந்தித்ததும் அந்தப் பருவத்தில்தான்.

இனி விஷயத்தின் நடுப்பகுதி. இசையமைப்பாளர் மேயர்பீர் ‘தீர்க்கதரிசி’ என்ற ஓபராவை 1840-களின் தொடக்கத்திலேயே ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் மேடைக்குக் கொடுக்கவில்லை. பில்லே ஸ்டோல்ஸைப் போடச் சொன்னார், மேயர்பீர் முடியாது என்றார், பல வருஷம் அப்படியே கிடந்தது. 1847-இல் பில்லே விலகிப் புதிய இயக்குநர்கள் வந்தபிறகுதான், வியார்தோ பாடுவதாக இருந்தால் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். 1849 ஏப்ரல் 16 அன்று அரங்கேற்றம். (அந்த இரவில் சூரியோதயத்தைக் காட்ட மின்சார விளக்கு, பனிச்சறுக்கு நடனத்துக்கு சக்கரக் காலணி, பத்திரிகைகள் அதையும் விடவில்லை.)

கதை 1530-களில் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரை மதக் கலகக்காரர்கள் பிடித்த சம்பவத்தை வைத்தது. நாயகன் ழான் தன்னைத் தீர்க்கதரிசி என்று அறிவித்துக்கொண்டவன். அந்த வகை பிரம்மாண்ட ஓபராவில் ரசிகர்கள் எதிர்பார்ப்பது காதலியை. மேயர்பீர் கனத்தையெல்லாம் அம்மாவின் தலையில் வைத்தார். ஃபிதேஸ் என்ற வயதான விதவை, பிச்சையெடுத்துக்கொண்டு நகருக்கு வருகிறாள், தேவாலயத்தில் முடிசூட்டு விழாவில் மகனைப் பார்த்து “என் மகனே” என்று கத்திவிடுகிறாள். தெய்வப் பிறவிக்கு அம்மா எப்படி இருக்க முடியும்? அவன் மறுக்கிறான். இவள் சொல்வது உண்மையென்றால் என்னைக் கொல்லுங்கள் என்று வாட்களின் நடுவே நிற்கிறான். அவளுக்குப் புரிகிறது, இவன் என் மகனில்லை, எனக்குப் பார்வை மங்கிவிட்டது என்று சொல்கிறாள். அடுத்த அங்கத்தில் சிறையில் அவளுக்குத் தனியாக ஒரு பெரிய பாட்டு, சாபம், இரக்கம், வெறி எல்லாம் கலந்து, கீழ் ஸ்தாயியில் கிடந்துவிட்டு ஒரே பாய்ச்சலில் மேலே போய் பிருகாக்களாகப் பொழிகிற மாதிரி எழுதியிருக்கிறார். இன்றைக்கும் இதைப் பாடத் துணிகிறவர்கள் குறைவு, காரணம் இது பொதுவாக ஒரு மெஸ்ஸோவுக்கென்று எழுதப்பட்டதே இல்லை. ஒரே ஒரு பெண்ணின் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒத்திகையில் அவர் சொன்ன மாற்றங்களையும் மேயர்பீர் ஏற்றுக்கொண்டார். அப்போது வியார்தோவுக்கு 27 வயதுதான், பாடியதோ கிழவி வேடம்.

இதன் விளைவு நீண்டது. நாயகியாக ஒரு தாய், நடுவயதுக் குரல், அழகுக்குப் பதில் நாடகம் என்று ஒரு வழி திறந்தது. சில வருஷத்தில் வெர்டி ‘இல் த்ரொவதோரே’வில் மகனை நெருப்பில் இழந்த ஜிப்சித் தாய் அசுசேனாவை எழுதுகிறார், மேயர்பீரின் ஃபிதேஸை வெர்டி கவனிக்காமல் இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. 1855-இல் லண்டனில் அந்த ஓபரா முதன்முதலாக நடந்தபோது அசுசேனாவாகப் பாடியவரும் வியார்தோதான்.

அடுத்தது 1859 நவம்பர், பாரிஸின் தேயாத்ர் லிரிக். 18-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் க்ளூக்கின் ‘ஓர்ஃபே’யை மறுபடி மேடையேற்ற இயக்குநர் கர்வாலோ முடிவு செய்கிறார். அதில் ஒரு சிக்கல். க்ளூக் 1762-இல் வியன்னாவில் அந்த வேடத்தை ஒரு காஸ்ட்ராட்டோவுக்கு, அதாவது சிறுவயதில் விதை நீக்கிக் குரல் உடையாமல் காக்கப்பட்ட ஆண் பாடகருக்கு எழுதினார். 1774-இல் பாரிஸுக்காக உயர்ந்த டெனருக்கு மாற்றினார். 1859-இல் காஸ்ட்ராட்டோ வழக்கம் மேடையிலிருந்து மறைந்துவிட்டது, அரங்குகளின் சுருதியும் ஏறிப்போயிருந்ததால் (அந்த வருஷம்தான் பிரெஞ்சு அரசு ‘ஏ’ ஸ்வரத்தை 435 அதிர்வு என்று சட்டம் போட்டு நிறுத்தியது) டெனர் வடிவத்தைப் பாடுவதும் பெரும்பாடு. இசையமைப்பாளர் பெர்லியோஸ் உட்கார்ந்து இரண்டு வடிவங்களையும் பிசைந்து வியார்தோவின் குரலுக்கென்று மூன்றாவது ஒன்றைத் தயாரித்தார். முதல் அங்கத்தின் முடிவில் வருகிற தனி அலங்காரத்தை வியார்தோ, பெர்லியோஸ், இளைஞர் சேன்-சான்ஸ் மூவரும் சேர்ந்தே அமைத்தார்கள்.

மனைவி யூரிடிசியை இழந்தபின் ஓர்ஃபே பாடும் புகழ்பெற்ற பாட்டில் பல்லவி மூன்று முறை வரும். அதை அவர் மூன்று விதமாகப் பாடியதை பெர்லியோஸ் எழுதியிருக்கிறார்: முதலில் அடக்கிய துக்கமாக, நிதானமாக, இரண்டாவது முறை அழுகையில் அடைத்த தொண்டையோடு மிக மெல்லியதாக, மூன்றாவது முறை காலப்பிரமாணத்தையே கூட்டி, பித்துப் பிடித்தவர் போல. அதே ஸ்வரங்கள், அதே வார்த்தைகள். எனக்கு அவருடைய கலையைப் பற்றி இருக்கிற தகவல்களிலேயே அதிகம் சொல்வது இதுதான், ஏனென்றால் அவர் பாடியதன் ஒலிப்பதிவு ஒன்றுகூட இல்லை. கிராமபோன் வந்தபிறகும் பல வருஷம் உயிரோடுதான் இருந்தார், குரல்தான் எப்போதோ போய்விட்டது. அந்த ‘ஓர்ஃபே’ நூறு முறைக்கு மேல் நடந்தது. இன்று மெஸ்ஸோக்கள் ஓர்ஃபே வேடத்தைத் தங்கள் சொத்தாக நினைப்பது அந்த வெற்றியிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் 1859-இல் அவருக்கு 38 வயது, குரல் தேய ஆரம்பித்துவிட்டது. அதே வருஷம் டப்ளினில் வெர்டியின் ‘மெக்பெத்’தில் சீமாட்டி மெக்பெத்தாகப் பாடினார், அதற்கு முன் நடத்துநர் அர்தித்திக்கு எழுதிய கடிதத்தில் எந்தப் பாட்டை எவ்வளவு சுருதி இறக்க வேண்டுமென்று வரிசையாகக் கேட்கிறார். மேலே எட்டவில்லை என்பதன் எழுத்து மூலச் சாட்சி அது. மறுவருஷம் பீத்தோவனின் ‘ஃபிதேலியோ’ எடுபடவில்லை. பெர்லியோஸின் ‘த்ரோயர்கள்’ ஓபராவுக்கு அருகிலிருந்து உதவியவர் இவர், 1859-இல் பாடன்-பாடனில் அதன் பகுதிகளை முதலில் பாடிக்காட்டியவரும் இவரே. 1863-இல் அதன் பிற்பாதி அரங்கேறியபோது நாயகி தீதோவின் வேடம் வேறு பாடகிக்குப் போனது. மனசு கசந்துதான் இருக்கும், என்றாலும் பெர்லியோஸைக் குறை சொல்ல முடியாது.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? என்னைப் போல் எல்லாவற்றையும் பாட ஆசைப்பட்டுக் குரலைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அவர் சொன்னதாக ஒரு மாணவி எழுதிவைத்திருக்கிறார். நார்மா, ‘யூகனோக்கள்’ ஓபராவின் வாலன்தீன் என்று சொப்ரானோ வேடங்கள் ஒருபக்கம், அசுசேனாவும் ஃபிதேஸும் இன்னொரு பக்கம். இயல்பில் நடுவிலும் கீழும் வலுவான குரலை இரண்டு முனையிலும் இழுத்து இருபது வருஷம் ஓட்டினால் முதலில் கிழிவது நடுப்பகுதி. எல்லாம் பாட முடிந்ததால் எல்லோரும் கேட்டார்கள். எல்லோரும் கேட்டதால் பாடினார். பிற்பாடு மெஸ்ஸோ என்பது தனி வரையறையுள்ள தொழிலாக இறுகியதில், அவரிடம் படித்துப் போன பெண்களுக்கும் பங்கு உண்டு.

1863-இல் பாரிஸ் மேடையை விட்டு, மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியும் பிடிக்காமல், குடும்பம் பாடன்-பாடனுக்கு மாறியது. துர்கேனிவ் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். வீட்டுத் தோட்டத்தில் சின்ன அரங்கு. துர்கேனிவ் வசனம் எழுத, பொலின் இசையமைக்க, பிள்ளைகளும் மாணவிகளும் நடிக்க, பிரஷ்ய ராணியும் கிளாரா ஷூமனும் பார்வையாளர்கள். ‘கடைசி மந்திரவாதி’ என்ற அதில் ஒன்று 1869-இல் வைமர் அரங்குக்கே போனது. புஷ்கின், ஃபெத் கவிதைகளுக்கு அவர் போட்ட மெட்டுகள் தொகுதிகளாக வெளிவந்தன. ஓய்வுக்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் பொழுதுபோக்கு என்று பலர் தள்ளிவிடுவதுண்டு. பாட்டுகளைக் கேட்டால் அப்படித் தோன்றவில்லை, சின்னச் சின்ன வேலைகள், ஆனால் தேர்ந்த கை.

குரல் போனபிறகும் இசையமைப்பாளர்கள் விடவில்லை என்பதுதான் வேடிக்கை. பிராம்ஸின் ‘ஆல்ட்டோ ராப்சடி’யை 1870 மார்ச்சில் யெனா நகரில் முதலில் பொதுமேடையில் பாடியது இவர். 1873-இல் இளைஞர் மாஸ்னேயின் ‘மரி-மக்தலேன்’. சேன்-சான்ஸ் தெலீலா வேடத்தை இவரை மனதில் வைத்து எழுதி, ‘சாம்சனும் தெலீலாவும்’ ஓபராவை இவருக்கே சமர்ப்பித்தார். 1874-இல் ஒரு நண்பர் வீட்டில் இரண்டாவது அங்கத்தை 53 வயதில் பாடிக்காட்டினார், சேன்-சான்ஸ் பியானோவில். வந்திருந்த பாரிஸ் ஓபரா இயக்குநர் அசையவில்லை. 1877-இல் அது ஜெர்மனியில் அரங்கேறியபோது தெலீலா வேறொருவர்.

மொத்சார்ட் கையெழுத்துப் பிரதி விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 1855-இல் ‘டான் ஜொவான்னி’யின் மூலப் பிரதி லண்டனில் விலைக்கு வந்தது, நூலகங்கள் தயங்கின, வியார்தோ நகைகளை விற்று 180 பவுண்டுக்கு வாங்கினார். அவருடைய சின்ன வயதில் அப்பா நியூயார்க்கில் கட்டிய வேடம் அல்லவா. ரொசீனி வந்து அதன் முன் மண்டியிட்டார், 1886-இல் சைக்கோவ்ஸ்கி வந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். 1892-இல் விற்காமல் பாரிஸ் இசைப் பள்ளிக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார்.

1883-இல் மே மாதம் லூயி, செப்டம்பரில் துர்கேனிவ், இருவருமே போனார்கள். அவர்கள் மூவருக்கும் நடுவில் என்ன இருந்தது என்று நூறு வருஷத்துக்கும் மேலாக ஆராய்ச்சி நடக்கிறது, நடக்கட்டும். பொலின் பாடம் நடத்துவதை நிறுத்தவில்லை, 1904-இல், 82 வயதில், ‘சிண்ட்ரெல்லா’ கதையைச் சின்ன ஓபராவாக எழுதி நடத்தினார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றால், மரிலின் ஹோர்ன் 1976-இல் பதிவு செய்த ‘தீர்க்கதரிசி’யிலிருந்து தொடங்குங்கள், நேராக ஐந்தாம் அங்கத்துச் சிறைக்காட்சிக்கே போய்விடலாம். கொஞ்சம் சத்தமாக வைத்தால் நல்லது. அதற்குப் பிறகு ஜேனட் பேக்கர் 1982-இல் க்ளைண்ட்போர்ன் அரங்கில் ஓபராவுக்கு விடைகொடுத்த ஓர்ஃபே இருக்கிறது. வியார்தோவின் சொந்தப் பாடல்களைத் தேடுகிறவர்கள் ரஷ்யக் கவிதைகளுக்குப் போட்ட மெட்டுகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஷோபான் மசுர்காக்கள் அப்புறம்.